வியர்க்கும் கோணி

கோணி காயமாட்டேன் என்றது.

முந்தின நாள் மத்தியானம் மருதை அதைத் தொட்டுப் பார்த்தபோது அப்பளம் மாதிரி விறைப்பாகக் காய்ந்திருந்தது. மாலையில் எடுத்து வந்து மாட்டுக் கொட்டகைக்குள், கூரை ஒழுகாத மூலையில், ஒரு முளையில் தொங்கவிட்டான். பக்கத்து முளையில் அரிசி வந்த கோணி. இரவில் மழை பெய்யவில்லை. காலையில் வந்து பார்த்தால் அரிசிக் கோணி அப்படியே காய்ந்திருக்கிறது, இது மட்டும் நனைந்திருக்கிறது. பிழிந்தால் சொட்டுகிற நனைவு இல்லை. வெயிலில் நடந்து வந்தவனின் முதுகுச் சட்டை மாதிரி ஓர் ஈரம்.

இது மூன்றாவது காலை. முதல் நாள் அவன் கூரையைச் சந்தேகப்பட்டான். மேலே ஏறிக் கரும்புத் தோகையை விலக்கிப் பார்த்தான், ஒழுக்கு இல்லை. இரண்டாம் நாள் முளையைச் சந்தேகப்பட்டு இரண்டு கோணிகளையும் இடம் மாற்றித் தொங்கவிட்டான். ஈரம் முளையோடு தங்கவில்லை, கோணியோடு கூடவே போயிற்று. ஆக, தண்ணீர் மேலேயிருந்தும் வரவில்லை, சுவரிலிருந்தும் வரவில்லை. பின்னே எங்கிருந்து வருகிறது?

வேறு சமயமாக இருந்தால் மருதைக்கு இது ஒரு நல்ல விளையாட்டு. கிணற்று உருளை ஏன் கிறீச்சிடுகிறது, பூட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கிற ஆள் அவன். ஆனால் இந்த வாரம் அவன் வீட்டில் ஒரு பசு செத்திருந்தது. காரணம் தெரியாத எதைப் பார்த்தாலும் அவனுக்கு இப்போது பயமாக இருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறு, தை மாதம். தீவின் கரும்பு ஊர்களில் ஒன்றான கான் தெ மாஸ்கில் மருதைக்கு இரண்டு ஆர்ப்பான், கிட்டத்தட்ட இரண்டு ஏக்கர், கரும்பும் இரண்டு பசுக்களும் இருந்தன. மாட்டுப் பொங்கலன்று இரண்டுக்கும் கொம்பில் நீலமும் மஞ்சளும் பூசி, கழுத்தில் மாலை போட்டுத் தெருவில் நடத்தினான். பத்து நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை காலையில், காரி என்கிற கறுப்புப் பசுவுக்குப் பின்னங்கால்கள் பின்னின. மூச்சு இரைத்தது. நாக்கு நாவற்பழம் தின்றதுபோல நிறம் மாறியது. கோயில் பூசாரி வீரசாமிதான் ஊருக்கு மாட்டு வைத்தியரும். கெட்ட ரத்தத்தை இறக்கலாம் என்று அவர் காரியின் காதைக் கீறினார். வந்த ரத்தம் சிவப்பாக இல்லை. காப்பித் தண்ணீர் மாதிரி பழுப்பாக வந்தது. சுற்றி நின்றவர்கள் ஓர் அடி பின்வாங்கினார்கள். உச்சிவேளைக்குள் காரி செத்துப்போயிற்று.

மிச்சம் இருப்பது செவலை. அதன் பாலில்தான் பாக்கியம் உயிர் வாழ்கிறாள். பாக்கியம் ஐந்து மாதக் குழந்தை. மார்கழி முழுவதும் அவளுடைய அம்மா பூங்காவனத்தைக் குளிர்காய்ச்சல் போட்டு உலுக்கி எடுத்துவிட்டது; கொய்னா மருந்து தின்று பிழைத்து எழுந்தபோது மார்பில் பால் வற்றியிருந்தது. செவலையும் போனால் குழந்தைக்கு எதைக் கொடுப்பது என்று புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டிவரும்.

"கண்ணு பட்ட மாடு மருதை அது," என்று வீரசாமி சொல்லியிருந்தார். "நீ ஜோடிச்சு நடத்தினியே, ஊரே வாயைப் பொளந்துகிட்டுப் பாத்துச்சு. மிச்சம் இருக்குறதையாவது மூடி வை. நாலு கண்ணுலே படாம இருக்கட்டும்."

அதற்காகத்தான் அந்த வெள்ளிக்கிழமை காலையில் மருதை கோணி தேடினான். அரிசிக் கோணியில் எலி ஓட்டை. வியர்க்கிற கோணிதான் புதிது, அகலம். ஈரமாக இருந்தால் என்ன, வெயில் நேரத்துக்கு மாட்டுக்குக் குளுமைதானே என்று அதையே செவலையின் முதுகில் போர்த்தி, கயிற்றால் தளர்வாகக் கட்டினான். செவலை கழுத்தைத் திருப்பி மோந்தது. நாக்கை நீட்டிக் கோணியின் ஓரத்தை ஒரு நக்கு நக்கியது. மாட்டுக்குப் பிடித்திருக்கிறது என்று நினைத்தான்; அவனுக்கு அன்று கிடைத்த ஒரே சந்தோஷம் அதுதான்.

கோணி எந்த வீட்டிலும் வீணாவதில்லை. ஒரு முனையை இன்னொரு முனைக்குள் மடித்துத் தலையில் போட்டால் மழைக் கொங்காணி. இடுப்பில் கட்டினால் தோகை கிழிக்காத முன்கட்டுத் துணி. வைக்கோல் திணித்தால் படுக்கை. சின்னதாக வெட்டினால் அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் கரித்துணி. இந்தக் கோணியும் அதன் கூட வந்த மூன்றும் நித்ராத் வந்த கோணிகள். நித்ராத் என்பது கப்பலில் வந்து, ஆலை வழியாகச் சின்னத் தோட்டக்காரர்களுக்குக் கிடைக்கிற வெள்ளை உரம். பார்வைக்குக் கல்லுப்பு. கரும்பு வேரில் ஒரு பிடி போட்டு ஒரு மழையும் பெய்தால் எட்டாம் நாள் தோகை கரும்பச்சையாகிவிடும். கோணியை என்னதான் உதறினாலும் சணல் இழைகளுக்குள் இரண்டு மூன்று பிடி உப்பு ஒளிந்துகொண்டிருக்கும். மருதை அதையும் விடமாட்டான். மூன்று கோணிகளை ஊறவைத்து அலசி, அந்தத் தண்ணீரைக் வெட்டிய கட்டையில் மறுபடி துளிர்க்கிற கரும்புக்கு ஊற்றிவிட்டான். நாலாவதை அலச நேரம் இல்லாமல் தட்டி உதறினான். உதிர்ந்ததை ஒரு பிஸ்கோத்து டப்பாவில் சேர்த்துக் கொட்டகையில் வைத்தான், பூசணிக் கொடிக்கு ஆகும் என்று. அந்த நாலாவது கோணிதான் இப்போது செவலையின் முதுகில் இருந்தது. அதிலிருந்து ஒரு மூலையை வெட்டி அடுப்பங்கரைக்குக் கொடுத்திருந்தான்.

வெயில் ஏறிய நேரத்தில் அடுப்பங்கரையிலிருந்து பூங்காவனத்தின் குரல் வந்தது. அலறல் இல்லை. மூச்சுத் திணறுகிறவள் கூப்பிடுகிற குரல். மருதை ஓடினான்.

அடுப்பங்கரை புகையாக இருந்தது. தரையில் தண்ணீர். வடைச்சட்டி ஒன்று மல்லாந்து கிடந்தது. பூங்காவனம் காலிக் குடத்தைப் பிடித்தபடி சுவரோடு ஒட்டி நின்றாள். தலைக்கு மேல் ஒரு முழத்தில் தோகைக் கூரை.

"கரித்துணியிலே ஒரு பொறி விழுந்துச்சுங்க," என்றாள். "ஒரே ஒரு பொறி. சுவாலை வரலை. ஓரம் சிவந்து, புஸ்ஸுன்னு சீறிக்கிட்டு ஓடுது. பாம்பு மாதிரி. கீழே போட்டு, சட்டியைக் கவுத்து மூடினேன்."

"மூடினா அணைஞ்சிருக்குமே."

"அணையலை! உள்ளேயே உக்காந்து சீறுது. சட்டி ஓரத்துலேருந்து புகை பீச்சுது. தொறந்து பாத்தா துணி முழுக்கச் சாம்பல், பக்கத்துலே பாய் பத்திக்கிச்சு. குடத்துத் தண்ணியைக் கொட்டினப்புறம்தான் அடங்கிச்சு." அவள் குடத்தைக் கீழே வைத்தாள். "மூடின நெருப்பு அணையணும்ல?"

அவளுக்கு அது நன்றாகத் தெரியும். தினமும் சமையல் முடிந்ததும் தணலை ஒரு பானையில் போட்டு மூடி வைத்துக் கரி எடுக்கிறவள் அவள். நெருப்புக்குக் காற்று வேண்டும். காற்றை அடைத்தால் நெருப்பு மூச்சு முட்டிச் செத்துப்போகும். அது உலை வைக்கிற எல்லாருக்கும் தெரிந்த சட்டம். இந்த நெருப்பு அந்தச் சட்டத்துக்கு அடங்கவில்லை. காற்று இல்லாத இடத்தில் உட்கார்ந்து எரிந்தது. பழுப்பு ரத்தம், காயாத கோணி, அணையாத நெருப்பு. இந்த வீட்டில் எதுவும் இப்போது தன் சுபாவப்படி நடந்துகொள்ளவில்லை.

வேலியைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக் காமாட்சி வந்துவிட்டாள். ஐம்பது வயது, ஓயாத வாய்.

"என்னடி பூங்காவனம், வீட்டுக்குள்ளேயே தீமிதி வெச்சிருக்கியா? சொல்லியிருந்தா மஞ்சப் புடவை கட்டிக்கிட்டு வந்திருப்பேனே."

யாரும் சிரிக்கவில்லை. காமாட்சி நனைந்த தரையையும் கரிந்த பாயையும் பார்த்தாள். குரலை மாற்றிக்கொண்டாள்.

"குழந்தையை எடு. இன்னிக்கு வெள்ளிக்கிழமை. முதல்லே அதுக்குச் சுத்திப் போடறேன். மாட்டுக்கு வந்தது குழந்தைக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்?"

"அக்கா, அப்படிச் சொல்லாதீங்க அக்கா."

"நான் சொன்னா வருது, சொல்லாட்டி வராதா? எடுடி."

சட்டியில் தணலை அள்ளி முற்றத்தில் வைத்தார்கள். மிளகாய் கிடைத்தது, கடுகு கிடைத்தது. உப்பு வைத்திருந்த கொட்டாங்கச்சியில் குடத்துத் தண்ணீர் பாய்ந்து எல்லாம் கரைந்திருந்தது. காமாட்சி அலட்டிக்கொள்ளவில்லை. மாடு வைத்திருக்கிற வீட்டில் கொட்டகையிலும் ஒரு டப்பா உப்பு இருக்கும். போய்த் தேடி, ஒரு கை நிறையக் கல்லுப்பை அள்ளிக்கொண்டு வந்தாள்.

பூங்காவனம் குழந்தையை மடியில் வைத்துக் கிழக்கே பார்த்து உட்கார்ந்தாள். காமாட்சி கையை மூடி வலமாக மூன்று சுற்று, இடமாக மூன்று சுற்று, தலையிலிருந்து கால்வரை ஒரு இறக்கு. "ஊர்க் கண்ணு, உறவுக் கண்ணு, நல்ல கண்ணு, நொள்ளைக் கண்ணு, எல்லாம் பொரிஞ்சு போகட்டும்." குழந்தையைத் துப்பச் சொன்னாள். அதற்குத் துப்பத் தெரியாததால் அதன் சார்பில் பூங்காவனம் துப்பினாள். காமாட்சி குனிந்து கையைத் தணலின் மேல் திறந்தாள்.

தணல் எழுந்து நின்றது.

அப்படித்தான் மருதைக்குத் தோன்றியது. மஞ்சள் சுவாலை ஓர் ஆள் இடுப்பு உயரத்துக்குச் சீறிக்கொண்டு கிளம்பியது. சட்டியில் கரித்துண்டுகள் சிவப்பிலிருந்து வெள்ளைக்கு மாறிக் கண்ணைக் கூசின. காமாட்சி பின்னால் விழுந்தாள். பூங்காவனம் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு வேலிவரை ஓடினாள். நாலு மூச்சு விடுகிற நேரம் அந்த நெருப்பு கத்தியது. பிறகு திடீரென்று ஓய்ந்து, சட்டியில் தணலே மிச்சமில்லாமல் போயிற்று.

காமாட்சி நெற்றியைத் தடவிப் பார்த்தாள். இடது புருவம் கையோடு வந்தது.

சத்தம் கேட்டு வீரசாமி வந்தார். நடந்ததைக் கேட்டதும் அவருடைய முகமும் வெளுத்தது. "இது கண்ணு இல்லே. ஏவல். யாரோ செஞ்சு அனுப்பியிருக்காங்க. தாமதிக்கக் கூடாது, மருதை. இப்பவே கொட்டகை நடுவிலே நெருப்பு வளர்த்துச் சாம்பிராணி போட்டு, வேப்பிலை அடிச்சு..."

"கொட்டகை நடுவிலேயா? கூரை தோகை, சாமி."

"மூடி அணைச்சுக்கலாம்."

"மூடினாத்தான் அணையலையே!" என்று வேலியோரத்திலிருந்து பூங்காவனம் கத்தினாள்.

காமாட்சி இன்னும் தரையில் உட்கார்ந்திருந்தாள். "நாப்பது வருசமாச் சுத்திப் போடறேன் தம்பி. எத்தனை பெரிய கண்ணா இருந்தாலும் உப்பு படபடன்னுதான் வெடிக்கும். இது வெடிக்கலை. சீறிச்சு."

மருதை அவளைத் திரும்பிப் பார்த்தான். பூங்காவனமும் அதையேதான் சொன்னாள். கரித்துணியும் சீறியது.

"எந்த உப்பு அக்கா?"

"எந்த உப்பா? உங்க உப்புதான். கொட்டகையிலே டப்பாவிலே."

"உங்க வீட்டு உப்பு ஒரு பிடி கொண்டு வாங்க."

"எனக்கு இருக்குறது இன்னும் ஒரு புருவம் தம்பி."

ஆனாலும் கொண்டுவந்தாள். மருதை வேறு சட்டியில் புதுத் தணல் போட்டான். எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, முதலில் சமையல் உப்பை ஒரு சிட்டிகை தூவினான். படபடவென்று தெறித்தது, அவ்வளவுதான். அடுத்து டப்பா உப்பு, ஒரே ஒரு சிட்டிகை. சிட்டிகை அளவுக்கு அந்தச் சீறலும் மஞ்சள் வெளிச்சமும் வந்து போயின. அவன் மறுபடியும் செய்தான். மறுபடியும் அதேதான். ஏவல் என்றால் ஒரு தரம் வரும், ஒரு தரம் வராது. சிட்டிகைக்குச் சிட்டிகை அளவாக வராது. மூன்று நாளில் முதல் முறையாக மருதைக்கு மூச்சு நெஞ்சின் அடிவரை போய் வந்தது.

அடுத்த கேள்வி உடனே வந்தது. எரிவது இந்த உப்பா, கரியா? கண்ணுக்கு உப்பு எரிகிற மாதிரிதான் தெரிகிறது. அவன் ஓர் இரும்புக் கரண்டியில் உப்பை மட்டும் போட்டு, தணல் படாமல் மேலே பிடித்தான். உப்பு உருகியது. தண்ணீர் மாதிரி தெளிந்து, கரண்டிக்குள் தளும்பியது. எரியவில்லை. எவ்வளவு நேரம் பிடித்தும் எரியவில்லை. பிறகு ஒரு கரித்துணுக்கை அந்த உருகலில் போட்டான். துணுக்கு துள்ளியது, அந்தச் சின்னக் கரண்டிக்குள் ஓடி ஓடி, சீறிச் சீறி, ஒன்றுமில்லாமல் எரிந்து தீர்ந்தது.

"பாத்தியா பூங்காவனம்!" அவன் தன்னை மறந்து கத்தினான். "இந்த நித்ராத் எரியாது. மத்ததை எரியவைக்கும். நெருப்புக்கு வேண்டிய காத்தை இதுவே மடியிலே கட்டிக்கிட்டு வருது. அதான் நீ சட்டியைப் போட்டு மூடியும் அணையலை. வெளிக்காத்தைத்தானே நீ அடைச்சே? உள்ளே அதுகிட்டே சொந்தக் காத்து இருக்கு. தண்ணி ஊத்தினா உப்பும் கரைஞ்சுடும், சூடும் போயிடும். அதுக்குத்தான் அடங்கிச்சு!"

"கோணி வேர்க்குறது?" என்று அவளே கேட்டாள். பயம் போகாத குரல்தான், ஆனால் பக்கத்தில் வந்திருந்தாள்.

"மழைக்காலத்துலே சமையல் உப்பு கசியுதுல்ல? அதே கதை. காத்துலே இருக்குற ஈரத்தை உப்பு இழுத்துக்குது. அரிசிக் கோணியிலே உப்பு இல்லை, அதான் வேர்க்கலை. கோணி நிறைய உப்பு இருக்கு!"

டப்பாவிலிருந்து ஒரு கல்லை எடுத்தான். வீரசாமி "டேய்" என்று கை நீட்டுவதற்குள் நாக்கின் நுனியில் வைத்து, உடனே துப்பி, வாயைக் கொப்பளித்தான். எல்லாரும் அவன் முகத்தையே பார்த்தார்கள். அவனும் தன் கைகால்களைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றான். ஒன்றும் ஆகவில்லை.

"உப்பு மாதிரியே கரிக்குது. நாக்குக் குளுந்து போகுது. பின்னாலே லேசாக் கசக்குது. மாட்டுக்கு இது..."

அவன் வாய் அங்கேயே நின்றுவிட்டது.

"பூங்காவனம். செவ்வாய்க்கிழமை காலையிலே காரிக்குத் தண்ணி எங்கே காட்டினே?"

"எங்கே காட்டுவேன், கழுநீர்ப் பீப்பாயிலேதான்." அவள் யோசித்தாள். "அன்னிக்கு ஆசையாக் குடிச்சுது. மூக்கை எடுக்கவே இல்லை. பால் கூடட்டும்னு நீங்க உப்புப் போட்டு வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன். செவலைக்கு அடியிலே கிடந்தது போதாதுன்னு கிணத்துலே இறைச்சுக் காட்டினேன்..."

கழுநீரில் ஒரு பிடி உப்புப் போட்டுப் பசுவுக்கு வைப்பது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். உப்புக் கரித்தால் மாடு நிறையக் குடிக்கும், நிறையக் குடித்தால் நிறையப் பால். மருதை மூன்று கோணிகளைத் திங்கள் இரவு ஊறவைத்து அலசி எடுத்தது அந்தப் பீப்பாயில்தான். காலையில் தண்ணீர் குறைந்திருந்ததைக் கவனித்தான். பலகை ஒழுகுகிறது என்று நினைத்து, மிச்சத்தைக் கரும்புக்கு ஊற்றினான். ஆளுக்குப் பாதி தெரிந்திருந்தது. இரண்டு பாதியும் இப்போதுதான் ஒன்று சேர்ந்தன.

பூங்காவனம் வாயைப் பொத்திக்கொண்டாள். மருதை அதைப் பார்க்க அங்கே இல்லை. வியர்க்கிற கோணியைக் காலையில் அவன் எங்கே கட்டினான் என்பது ஞாபகம் வந்து, கொட்டகையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான்.

கோணி செவலையின் முதுகிலிருந்து பாதி சரிந்து வாய்க்கு எட்டும் இடத்தில் தொங்கியது. ஒரு முனை நன்றாகச் சப்பி நாராகியிருந்தது. செவலை முன்கால்களை அகட்டிவைத்து, தலையைத் தாழ்த்தி நின்றது. விலா வேகமாக ஏறி இறங்கியது. உதட்டைத் தூக்கிப் பார்த்தான். ரோஜா நிறமாக இருக்க வேண்டிய ஈறு சேற்று நிறத்தில் இருந்தது.

அவன் கயிற்றை அறுத்துக் கோணியை வெளியே எறிந்தான்.

"தண்ணி! கிணத்துத் தண்ணி, புதுக் குடத்துலே! பீப்பாயைத் தொடாதே!"

வீரசாமி கத்தியை எடுத்தார். "காதைக் கீறிக் கெட்ட ரத்தத்தை..."

"வேண்டாம் சாமி. காரிக்குக் கீறினோம், நிறம் தெரிஞ்சுது, அவ்வளவுதான். மூச்சுக்குத் தவிக்கிற மாட்டுக்கு இருக்குற ரத்தத்தையும் எடுக்க வேண்டாம்."

வீரசாமி கத்தியையும் மருதையையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்படுவார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, செவலையின் தலையைத் தன் தோளில் தாங்கிக்கொண்டார். "சரி. அப்ப என்ன செய்யறது, சொல்லு."

"தெரியலை சாமி. இனிமே உள்ளே போகாமப் பாத்துக்கலாம். நடத்தக் கூடாது. நடந்தா இன்னும் மூச்சு வேணும்."

அதற்குமேல் செய்ய ஒன்றும் இல்லை. அந்தப் பிற்பகல் மருதையின் வாழ்நாளில் மிக நீளமானது. வேப்பமர நிழல் ஒரு கை நகரும்போதெல்லாம் விலா எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்று எண்ணினான். ஒரு முறை செவலையின் பின்னங்கால் மடங்கியது. மருதையும் வீரசாமியும் காமாட்சியும் தோள் கொடுத்து நிறுத்தினார்கள். காரிக்கும் இப்படித்தான் மடங்கியது. வீட்டுக்குள் பாக்கியம் பசித்து அழுதாள். அழுகை கேட்கும்போதெல்லாம் எண்ணிக்கை தவறியது. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினான்.

காரி குடித்தது மூன்று கோணிகளில் ஒட்டியிருந்த உப்பு, ஒரே மூச்சில். செவலை நக்கியது ஒரு மூலை, அரை நாளில். அந்த வித்தியாசம் போதுமா என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் எந்தக் கரண்டிச் சோதனையிலும் கிடைக்காது.

வெயில் சாய்ந்தபோது மூச்சு கொஞ்சம் மட்டுப்பட்டது. செவலை தானாகத் தலையைத் தூக்கியது. இன்னும் கொஞ்ச நேரம் கழித்து அது வீரசாமியின் தோள் துண்டை மென்று பார்த்தது.

"வியர்வை உப்புடி, நல்ல உப்பு, தின்னு," என்றார் வீரசாமி. அவர் கண் கலங்கியிருந்தது. மருதை உதட்டைத் தூக்கிப் பார்த்தான். சேற்று நிறத்துக்கு நடுவே ஒரு சிவப்பு எட்டிப் பார்த்தது.

பூங்காவனம் செம்போடு வந்து நின்றாள். "கறக்கட்டுமா? இந்தப் பாலைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?"

மருதை செவலையின் ஈறை மறுபடி ஒரு தடவை பார்த்தான். கல்லின் சுவை தெரியும், சீறல் தெரியும். மாட்டின் வயிற்றுக்குள் போனது பாலில் எவ்வளவு வரும் என்பது தெரியாது. பெரிய மாட்டையே அசைத்த ஒன்று ஐந்து மாதக் குழந்தையை என்ன செய்யும் என்பதும் தெரியாது.

"தெரியாது," என்றான். "தெரியாததை ஆபத்துப் பக்கமே வெச்சுக்குவோம். கறந்து கரும்புலே ஊத்து."

பூங்காவனத்தின் முகம் சுருங்கியது. காமாட்சி செம்பை அவள் கையிலிருந்து வாங்கினாள். "ரெண்டு நாளைக்கு என் ஆட்டுப் பால் குடிச்சா உன் மக கொம்பு முளைச்சா போயிடுவா? ஒரு புருவம் கொடுத்தவ, பால் கொடுக்க மாட்டேனா?"

பாக்கியம் ஆட்டுப் பாலைக் காய்ச்சித் தண்ணீர் கலந்து குடித்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் செவலையின் ஈறு முழுக்கச் சிவந்திருந்தது. அன்று மாலைப் பாலை முதலில் மருதை குடித்தான், ராத்திரிவரை பார்த்தான், பிறகுதான் குழந்தைக்கு.

ஊரில் நித்ராத் கோணி இல்லாத வீடு கிடையாது. செய்தி கேட்டு வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: விஷமா, இல்லையா? மருதைக்கு அந்தக் கேள்வி போதவில்லை. ஒரு பொருளை நல்லது கெட்டது என்று இரண்டாகப் பிரித்தால் எங்கே ஜாக்கிரதையாக இருப்பது என்று தெரியாது. எந்த வாசல் வழியாக அது தீங்கு செய்யும் என்று ஒவ்வொரு வாசலாகக் கேட்க வேண்டும். கையால் தொட்டால்? பதினைந்து வருஷமாக வெறுங்கையால் தூவுகிறோம். வெட்டுக்காயத்தில் எரியும், அதற்குமேல் இல்லை. தூள் மூக்கில் ஏறினால்? தும்மல் வரும், நாள்பட்டால் என்னவென்று தெரியாது, ஆகவே காற்றுக்கு எதிரே நின்று உதறக் கூடாது. வாய் வழியாக? அங்கேதான் அது கொல்லும், அதுவும் அளவைப் பொறுத்து. மாட்டுக்கு அது உப்பாகவே ருசிப்பதால் தானாகத் தேடிப் போகும். நெருப்புப் பக்கத்தில்? தானாக எரியாது, ஆனால் சணல், கரி, தோகை எதில் ஊறியிருந்தாலும் அதை மூடி அணைக்க முடியாதபடி எரியவைக்கும், தண்ணீரால் மட்டுமே அணையும்.

கோணிமேல் அச்சடித்திருந்த எழுத்து அங்கே யாருக்கும் படிக்கத் தெரியாது. அதனால் மருதை தாரைக் காய்ச்சி, காலிக் கோணி ஒவ்வொன்றிலும் இரண்டு படம் போட்டான்: ஒரு சுடர், ஒரு மாட்டுத் தலை. "மாடு மாதிரி இல்லை, வீரசாமி மாதிரி இருக்கு," என்றாள் காமாட்சி. ஆனாலும் படம் நிலைத்தது.

எல்லாரும் கேட்டுப் போன முறை இதுதான். நித்ராத் கோணியை வீட்டுக்குக் கொண்டுவராதே. வயலிலேயே, மாடு வாய் வைக்காத பாத்திரத்தில், மூன்று முறை புதுத் தண்ணீர் மாற்றி அலசு. அந்தத் தண்ணீர் முழுவதையும் அப்போதே கரும்பு வேரில் ஊற்று. ஒரு சொட்டும் பாத்திரத்தில் நிற்கக் கூடாது. கோணி வெயிலில் காய்ந்த பிறகு, கூரைக்குத் தொலைவில் வெட்டவெளியில் நின்று, அதிலிருந்து ஒரு நூலை உருவிப் பற்றவை. நூல் சீறிக்கொண்டு ஓடினால் உப்பு இன்னும் இருக்கிறது, மறுபடி அலசு. சாதாரணச் சணலைப் போல மெதுவாக எரிந்து, விரலால் நசுக்கியதும் அணைந்தால், அந்தக் கோணியை வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.